கோழிக்கூடு: காவலும் காற்றும்

(மூன்றாம் ஆண்டு, விலங்கியல்)

மாடு இல்லாத வீடு உண்டு. ஆடு இல்லாத வீடும் உண்டு. சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத வீடுகளோ ஏராளம். ஆனால் நம் கிராமங்களில் கொல்லைப்புறத்தில் நான்கு கோழிகளாவது மேயாத தெருவைக் காண்பது அரிது. கோழிக்கு நிலம் வேண்டியதில்லை. பெரிய முதலும் வேண்டியதில்லை. சிந்திய நெல்லும், மிஞ்சிய சோறும், குப்பைமேட்டுப் புழுவும் அதற்குப் பாதி உணவாகிவிடும். அது இடும் முட்டையும் பொரிக்கும் குஞ்சும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்கே வந்து சேர்கின்றன. யாரிடமும் கேட்காமல் ஒரு தாய் எடுத்துச் செலவிடக்கூடிய காசு பல வீடுகளில் இந்தக் கோழிக்காசு ஒன்றுதான். இக்கல்லூரியில் நான் கட்டிய முதல் தேர்வுக் கட்டணம் என் தாயார் விற்ற இரண்டு சேவல்களின் விலைதான். என்னைப் போன்றோர் இங்கே பலர் இருப்பர் என்று நம்புகிறேன். ஆகவே கோழிக்கூட்டைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவது பொருத்தமற்றது ஆகாது என்று துணிந்தேன்.

2019-ஆம் ஆண்டில் நடைபெற்ற 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த கோழியினம் ஏறத்தாழ 85 கோடி. அவற்றுள் ஏறத்தாழ 31 கோடியே 70 இலட்சம் புறக்கடையில் வளர்ந்தவை. 2012-ஆம் ஆண்டின் கணக்கோடு ஒப்பிட்டால், புறக்கடைக் கோழிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 46 விழுக்காடு பெருகியிருந்தது. மாநிலங்களுள் 12 கோடிக்கு மேற்பட்ட கோழிகளுடன் தமிழ்நாடே முதலிடம் பெற்றது. அதற்கு நாமக்கல் வட்டாரத்துப் பெரும் பண்ணைகள் முக்கியக் காரணம் என்றாலும், கொல்லைக் கோழி மறைந்துவிடவில்லை. வளர்ந்து கொண்டிருக்கிறது என்பதே இக்கணக்கு நமக்குச் சொல்லும் செய்தி.

ஆனால் கொல்லைக் கோழி ஆதாயமா, நட்டமா என்பதை முடிவு செய்வது இனமும் தீனியும் மட்டும் அல்ல. இரவில் அது எங்கே அடைகிறது என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. எங்கள் தெருவில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொன்னால் இது விளங்கும்.

இரண்டு இரவுகள்

2022-ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு வீட்டின் மாட்டுக்கொட்டகை மூலையில் அடைந்திருந்த கோழிகளுள் ஏழு, ஒரே இரவில் கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடந்தன. எடுத்துச் செல்லப்பட்டது ஒன்றே ஒன்று. கூரையில் ஓடு ஒன்று விலகியிருந்தது. அவ்வழியே மரநாய் இறங்கியிருக்கிறது.

இச்செய்தி தெருவையே அச்சுறுத்தியது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, பேறுகாலத்துக்கு வரவிருந்த தம் மகளுக்கென்று பதினொரு கோழிகளை வளர்த்து வந்தார். மரநாய்க்கு அஞ்சி, பழைய தகரத்தால் நாற்புறமும் அடைத்து ஒரு பெட்டி செய்து, அதில் அவற்றை அடைக்கத் தொடங்கினார். பெட்டியில் விரல் நுழையும் அளவில் இரண்டு துளைகள் மட்டுமே இருந்தன. மார்கழியும் தையும் குறையின்றிக் கழிந்தன. 2023-ஆம் ஆண்டு மே மாதம், அக்கினி நட்சத்திர நாள்களில், ஒரு காலை பெட்டியைத் திறந்தபோது ஐந்து கோழிகள் இறந்து கிடந்தன. உடம்பில் ஒரு கீறலும் இல்லை. அலகு திறந்திருந்தது, இறக்கைகள் விரிந்திருந்தன. "கண்ணேறு" என்றனர் சிலர். "யாரோ மருந்து வைத்துவிட்டார்கள்" என்றனர் வேறு சிலர். மேற்கு வெயிலை மாலைவரை குடித்த தகரமும், வெளியேற வழியின்றி உள்ளே தங்கிய மூச்சும்தான் அவற்றைக் கொன்றன.

முதல் வீட்டில் காற்று இருந்தது, காவல் இல்லை. இரண்டாம் வீட்டில் காவல் இருந்தது; காற்று இல்லை. இரண்டும் ஒருங்கே அமைந்ததே நல்ல கூடு. இக்கட்டுரை சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

கோழியின் இயல்பு

கூட்டை அமைக்குமுன் அதில் குடியிருக்கப் போகும் உயிரை அறிந்துகொள்ள வேண்டும். நம் வீட்டுக் கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழிக்கும் அந்தக் குருதியில் பங்கு உண்டு. பல கோழிகளின் மஞ்சள் நிறத் தோலுக்குக் காரணமான மரபணு இதனிடமிருந்தே வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது.

காட்டுக்கோழி பகலில் தரையைச் சீய்த்து மேயும். இரவில் மரக்கிளையில் ஏறி அடையும். கோழியின் கண்ணுக்கு இருட்டில் பார்வை மிகக் குறைவு. அதனாலேதான் மங்கலுக்கு முன்பே அது அடையத் தேடுகிறது. நாமும் அந்தி வேளையைக் "கோழி அடையும் நேரம்" என்கிறோம். அடைந்த கோழி, பகை அருகில் வந்தாலும் பறந்து தப்பாது. குரல் மட்டும் கொடுக்கும். பகலில் அது தன்னைத் தானே ஓரளவு காத்துக் கொள்ளும். இரவில் அதைக் காப்பது முழுக்க முழுக்க நம் பொறுப்பு.

எதிரிகள்

எதிரிகளைப் பகல் எதிரி, இரவு எதிரி என்று பிரித்துக் கொள்வது நலம். கீரி, வல்லூறு, காகம், தெருநாய் ஆகியவை பகலில் வருபவை. இவற்றுள் வல்லூறும் காகமும் குஞ்சுகளையே குறிவைக்கும். இவற்றுக்கு எதிராகக் கூடு பயன்படாது. ஒதுங்கிக் கொள்ளச் செடிப்புதரோ, தாழ்வான கீற்றுப் பந்தலோ கொல்லையில் இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு சேவல் இருப்பதும் நல்லது. வானத்திலிருந்து வரும் பகைக்கு ஒரு குரலும், தரையில் வரும் பகைக்கு வேறொரு குரலும் சேவல் கொடுக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி. கேட்ட கோழிகளும் அதற்கேற்பப் பதுங்கவோ நிமிர்ந்து பார்க்கவோ செய்கின்றன. சிறு குஞ்சுகளுக்கு நம் முன்னோர் கண்ட மூங்கில் பஞ்சாரத்தை விஞ்சிய காவல் இன்னும் வரவில்லை.

மரநாய், காட்டுப்பூனை, பெருச்சாளி, பாம்பு ஆகியவை பெரும்பாலும் இரவில் வருபவை. மரநாய் நன்றாக மரமேறும். தலை நுழையும் இடுக்கில் உடலையும் நுழைத்துவிடும். பெருச்சாளி தரையைத் தோண்டி வரும். பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். எலியைத் தேடியும் வரும். மேலே, பக்கத்தில், கீழே என மூன்று வழிகளையும் அடைத்தால்தான் காவல் நிறைவாகும்.

காற்று ஏன் வேண்டும்?

கோழியின் உடல் வெப்பம் நம்முடையதைவிட மிகுதி. 41 செல்சியசுக்கு மேல் இருக்கும். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பம் மிகும்போது அலகைத் திறந்து இரைத்து, மூச்சின் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. அடைத்த பெட்டியில் அந்த ஈரம் வெளியேறாமல் காற்றிலேயே நிறைந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு இரைத்தாலும் உடல் குளிர்வதில்லை. பெரியம்மா வீட்டுக் கோழிகளுக்கு நேர்ந்தது இதுவே.

மற்றொரு தீங்கும் உண்டு. அது ஒரே இரவில் கொல்லாமல் மெல்லக் கொல்லும். கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம், ஈரம் பட்டால் நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியாவாகிறது. அது கண்ணை எரிக்கும். மூச்சுக்குழலின் மென்தோலைப் புண்ணாக்கும். சளி நோய்க்கு வழி திறக்கும். பறவையின் உடலில் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருப்பதால் கெட்ட காற்று உடலின் உட்புறம்வரை செல்கிறது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். விடியற்காலையில் கோழிகளைத் திறந்து விட்டவுடன் குனிந்து, அவை அடைந்திருந்த உயரத்தில் முகத்தை வைத்து ஐம்பதுவரை எண்ணுங்கள். நம் கண் கரித்தால், இரவு முழுவதும் அங்கிருந்த கோழியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இடமும் திசையும்

மேட்டுப் பாங்கான, தண்ணீர் தேங்காத இடமே கூட்டுக்கு ஏற்றது. வேப்பமர நிழல் கிடைத்தால் சிறப்பு. ஆனால் மரக்கிளை கூரையைத் தொடக்கூடாது. அது மரநாய்க்கு நாமே போட்டுத் தரும் பாலமாகிவிடும். வைக்கோற்போரும் விறகுக் குவியலும் எலிக்கும் பாம்புக்கும் புகலிடமாதலால் கூட்டிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். வீட்டில் படுத்திருப்பவர் காதில் கோழியின் அலறல் விழும் தொலைவில் கூடு இருப்பது நல்லது.

கூட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது குறுகிய பக்கங்கள் காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்கிக் கொள்ளும். நீண்ட பக்கங்களான வடக்கும் தெற்கும் காற்றுக்குத் திறந்திருக்கும். நம் நாட்டுப் பெரிய பண்ணைக் கொட்டகைகளையும் இந்த முறையில்தான் கட்டுகின்றனர்.

அளவும் அமைப்பும்

பத்துப் பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் உரிய கூட்டைக் கணக்கிடுவோம். பகலெல்லாம் வெளியே மேய்ந்து இரவில் மட்டும் அடையும் கோழிக்கு ஒன்றரை முதல் இரண்டு சதுர அடி போதும். பகலிலும் அடைத்து வைப்பதானால் தலைக்கு நான்கு சதுர அடியாவது வேண்டும். கோழி மிதித்துக் குஞ்சு சாவதில்லை என்பது பழமொழி; ஆனால் இடநெருக்கத்தில் கோழி கொத்திக் கோழி சாவது உண்டு.

இரவுக் கூடு ஐந்தடி நீளம், நான்கடி அகலம் இருக்கலாம். இருபது சதுர அடியில் பதினொரு கோழிகள் நெருக்கமின்றி அடையும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நான்கு கால்களின்மேல் இதை நிறுத்த வேண்டும். அவ்வாறு செய்தால் மழை ஈரம் ஏறாது. பெருச்சாளி தோண்ட வழியில்லை. நண்பகலில் கோழிகள் கீழே நிழலில் படுத்துக் கொள்ளும். ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல் போலத் தகரம் ஒன்றைச் சுற்றி ஆணி அடித்தால் எலியும் ஏறாது.

கிழக்கு, மேற்குப் பக்கங்களை முழுதும் பலகையால் அடைக்கலாம். வடக்கு, தெற்குப் பக்கங்களில் கீழே ஒன்றரை அடி பலகையும், அதற்குமேல் கூரைவரை கம்பிவலையும் அமைய வேண்டும். வலையைத் தேர்வதில்தான் பலர் ஏமாறுகின்றனர். கடையில் "கோழிவலை" என்று விற்கும் அறுகோணக் கண் வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். பகை உள்ளே வராமல் தடுக்காது. நாய் அதைக் கடித்துக் கிழிக்கும். எலி அதில் நுழையும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்தான் நம்பத்தக்கது. அதையும் வெறும் ஆணியால் அடிக்காமல், ஓரங்களில் ரீப்பர் சட்டம் வைத்து அழுத்தி அடிக்க வேண்டும். இல்லையேல் ஒரு காட்டுப்பூனை முட்டினால் ஆணி கழன்றுவிடும்.

கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் கொதிக்கும். கீற்று மட்டும் போட்டால் மரநாய் பிய்த்துக் கொண்டு இறங்கும். தகரத்தைத் திருகாணியால் இறுக்கி, அதன்மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்தால் இரு குறையும் நீங்கும். தெற்கே நான்கடி, வடக்கே மூன்றடி என உயரம் வைத்துச் சரிவு கொடுத்து, ஒன்றரை அடி இறவாரம் விட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கோணிச்சாக்கிலோ தார்ப்பாயிலோ படுதா கட்டுவோம். அதை மேலிருந்து கீழே தொங்க விடுவது வழக்கம். கீழ்விளிம்பைப் பலகையில் பொருத்தி, கயிற்றால் மேல்நோக்கி இழுத்துக் கட்டுவதே சரியான முறை. அப்போது சாரலும் வாடையும் கோழிமேல் படாது; மேலே ஒரு சாண் எப்போதும் திறந்திருப்பதால் வெப்பமும் ஈரமும் வெளியேறும்.

தென்புறத்தில் ஓரடிச் சதுரத்தில் கோழி நுழையும் வாயில் ஒன்றும், ஆள் குனிந்து கை விட்டுத் துப்புரவு செய்ய இரண்டடிக் கதவு ஒன்றும் தேவை. நம் கை எட்டாத கூடு ஒருநாளும் சுத்தமாவதில்லை. இரண்டுக்கும் கொண்டியும் நாதாங்கியும் வைத்து, நாதாங்கியில் ஒரு குச்சியைச் செருகிவிட வேண்டும். கல்லை முட்டுக் கொடுப்பதும் கயிற்றால் கட்டுவதும் காவல் ஆகா.

அடையும் கழியும் முட்டைப் பெட்டியும்

மரக்கிளையில் அடையும் இயல்புடைய பறவையைத் தரையில் படுக்க வைத்தால் எச்சத்திலேயே படுக்கும். ஆகவே அடையும் கழி இன்றியமையாதது. ஒரு கோழிக்கு ஒன்பது அங்குலம் என்றால் பதினொன்றுக்கு எட்டேகால் அடி வேண்டும். ஐந்தடிக் கழிகள் இரண்டு போதும். இரண்டு அங்குலக் கனத்தில், மேல்விளிம்பு உருட்டப்பட்ட மரச்சட்டம் நல்லது. கூட்டின் தளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், பக்கச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, இரண்டையும் ஒரே மட்டத்தில் அமைக்க வேண்டும். ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் இருந்தால் உயர்ந்த இடத்துக்கு நாள்தோறும் சண்டைதான். அந்த வகையில் கோழிகள் மனிதரிடமிருந்து அதிகம் வேறுபடவில்லை.

நான்கைந்து பெட்டைகளுக்கு ஒரு முட்டைப் பெட்டி போதும். ஓரடிச் சதுரத்தில் மூன்று பெட்டிகளைக் கிழக்குப் பலகையில் பொருத்தலாம். அவை அடையும் கழியைவிடத் தாழ்வாகவும், சற்று இருட்டாகவும், வைக்கோல் பரப்பியும் இருக்க வேண்டும். கழியைவிட உயரமாக வைத்தால் கோழிகள் அதிலேயே படுத்து முட்டையை அழுக்காக்கும். நாட்டுக்கோழி ஒரு முறை இடத் தொடங்கினால் 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டு, 21 நாள் அடைகாக்கும். ஆண்டுக்கு மூன்று, நான்கு முறை இடும். ஒரு பெட்டையை மரநாய்க்குக் கொடுப்பது அத்தனை முட்டைகளையும் குஞ்சுகளையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

கூளமும் பேனும்

தளத்தில் இரண்டு, மூன்று அங்குலக் கனத்தில் கடலைத்தோலோ உமியோ பரப்ப வேண்டும். இது எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, கழிக்கு நேர்கீழே கட்டிபட்ட பகுதியை அள்ளி அகற்ற வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்தால் உதிர வேண்டும்; உருண்டையாக நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அள்ளிய கூளத்தை மக்க வைத்துத் தென்னைக்கு இடலாம். பச்சையாக இட்டால் செடியின் வேர் கருகும்.

பகலில் கோழியைப் பார்த்துப் பேன் இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. குருதி உறிஞ்சும் ஒருவகைச் சிறு செள் பகலில் கழியின் முனையிலும் பலகை இடுக்கிலும் ஒளிந்திருந்து, இரவில் மட்டும் ஏறிக் கடிக்கும். கோழி இன்றியே பல மாதம் உயிர் வாழும். இரவில் கைப்பேசி விளக்கால் கழியின் அடிப்புறத்தைப் பார்த்தால் தெரியும். கழிகளை எளிதில் கழற்றி எடுக்குமாறு அமைத்தால் மாதம் ஒருமுறை வெயிலில் போட்டு, கொதிநீர் ஊற்றிக் கழுவலாம். இடுக்குகளில் சுண்ணாம்பு பூச வேண்டும். கொல்லையில் சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருந்தால் கோழி தானே புழுதிக்குளியல் செய்து தன்னைத் தூய்மை செய்துகொள்ளும்.

கூடு செய்ய முடியாதது

எவ்வளவு நல்ல கூடும் தொற்றுநோயைத் தடுக்காது. கொல்லைக் கோழிகளைக் கூட்டம் கூட்டமாக அழிப்பது வெள்ளைக்கழிச்சல் நோய். இந்தியாவில் 1927-இல் இராணிக்கேட் என்னும் மலையூரில் கண்டறியப்பட்டதால் இராணிக்கேட் நோய் என்றும் பெயர் பெற்றது. இதற்கு மருந்து இல்லை; தடுப்பூசி உண்டு. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வார அளவில் ஊசியும் போடுவது வழக்கம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தைக் கேட்டு நாளைக் குறித்துக் கொள்ள வேண்டும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை இரண்டு வாரம் தனியே வைத்திருந்து, பின்பே கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

நாள்தோறும் செய்ய வேண்டியது மிகச் சிறிது. காலையில் திறக்க வேண்டும். தண்ணீர் மாற்ற வேண்டும். அந்தியில் எண்ணிப் பார்த்து அடைக்க வேண்டும். எண்ணிப் பார்ப்பதை விடக்கூடாது; குறைந்த ஒன்றைத் தேட, இருட்டுமுன் கிடைக்கும் கால் மணி நேரமே நமக்குள்ள காலம்.

முடிவுரை

மேற்சொன்ன கூட்டுக்கு வெளியில் விலை கொடுத்து வாங்க வேண்டியவை கம்பிவலை, தகரம், ஆணி, கொண்டி ஆகியவையே. மற்றவை பெரும்பாலும் நம் வீட்டுப் பழைய மரத்திலும், தோப்புக் கீற்றிலும், களத்து உமியிலும் கிடைப்பவை. உழைப்போ இரண்டு விடுமுறை நாள்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் தகரப் பெட்டியை நானும் என் தம்பியும் 2023-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் பிரித்து, அதே தகரத்தைக் கூரையாக்கி இவ்வாறு ஒரு கூடு அமைத்துக் கொடுத்தோம். அதன்பின் வந்த இரண்டு கோடைகளிலும் அங்கே ஒரு கோழிகூட இரவில் இறக்கவில்லை. மரநாய் வந்து சுற்றிய தடம் மட்டும் இரண்டொரு முறை தெரிந்தது.

உயிரினங்களின் மூச்சையும் வெப்பத்தையும் வகுப்பறையில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம். நம் கொல்லையில் அடையும் கோழிக்கும் அப்பாடம் பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள், தம் வீட்டுக் கோழிக்கூட்டின் முன் ஒரு விடியற்காலை குனிந்து மூச்செடுத்துப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக் கொள்கிறேன். கண் கரித்தால் ஒரு பலகையை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் கம்பிவலை அடியுங்கள். வீட்டிலுள்ள தாயின் கோழிக்காசுக்கு நாம் செய்யும் கைம்மாறாக அது இருக்கட்டும்.